பெட்டியில் அச்சிட்ட வேகம் .357 மேக்னம் ரிவால்வரில் கிடைப்பதில்லையே, ஏன்?

158 கிரெய்ன் எடையுள்ள குண்டு கொண்ட .357 மேக்னம் தோட்டாப் பெட்டியில் நொடிக்கு 1,235 அடி என்று அச்சிட்டிருக்க, உங்கள் இரண்டரை அங்குலக் குழல் ரிவால்வரில் அளந்தபோது சராசரி 1,080 அடிதான் வந்தது, இது ஏமாற்று வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஏமாற்று இல்லை. ஆனால் அந்த எண் எவ்வளவு நீளமான குழலில் எடுக்கப்பட்டது என்று சொல்லாத பெட்டியை நேர்மையான பெட்டி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்தத் தோட்டா 1935-இல் அறிமுகமானபோதே அதன் புகழ் நீண்ட குழலின் மேல்தான் நின்றது. அன்று சொல்லப்பட்ட 1,515 அடி, எட்டே முக்கால் அங்குலக் குழலுக்கு உரியது. அவ்வளவு நீளமான ரிவால்வரை இடுப்பில் சுமப்பவர்கள் மிகச் சிலரே. பிற்காலத்தில் அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ., ரிவால்வர் தோட்டாக்களுக்கென்று நான்கு அங்குலச் சோதனைக் குழலை வகுத்தது. தோட்டாக்கள் அமரும் சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே ரிவால்வரில் இருக்கும் இடைவெளியைப் போலவே 0.008 அங்குல இடைவெளியும் அதில் விடப்படுகிறது. உங்கள் பெட்டியில் உள்ள 1,235 இத்தகைய குழலில் கிடைக்கும் எண்ணே. எனவே குழல் ஒன்றரை அங்குலம் குறைந்த உங்கள் ரிவால்வரில் நூற்றைம்பது அடி குறைந்ததில் வியப்பில்லை.

இந்தக் குறைவைச் சிறிதென்று தள்ளிவிட முடியாது. ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 1,235 அடியில் 535 அடி-பவுண்டாக இருப்பது 1,080 அடியில் 409-ஆகச் சுருங்கிவிடுகிறது. அதாவது வேகத்தில் எட்டில் ஒரு பங்கை இழந்தால் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடுகிறது. வாங்குபவர் இதை அறிய வேண்டாமா?

இனி, அளக்கும் முறை. நான் அமெரிக்காவில், உரிமம் பெற்ற சுடுதளத்தில், சொந்த ரிவால்வர்களில் பல ஆண்டுகளாக, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவியை வைத்துச் சோதித்து வருகிறேன். ஐந்து தோட்டாக்களைச் சுட்டுவிட்டு ஒரு பெட்டியைக் குற்றம் சாட்டுவது நியாயமல்ல. குறைந்தது பத்துத் தோட்டாக்கள் வேண்டும், சராசரியோடு மிகக் கூடுதலான, மிகக் குறைந்த வேகங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒளி உணர்விகள் கொண்ட கருவியைக் குழல் முனைக்கு மிக அருகில் வைத்தால், மேக்னம் தோட்டா உமிழும் வாயுவும் எரியாத மருந்துத் துகள்களும் குண்டுக்கு முன்பே உணர்வியைத் தூண்டிப் பொய் எண்ணைத் தரும். பத்து முதல் பதினைந்து அடி தள்ளி வைப்பதே பாதுகாப்பு. ரேடார் வகைக் கருவிகளில் இந்தத் தொல்லை குறைவு.

பலரும் கவனிக்காத ஒன்று, தோட்டாவின் உலோகக் கூட்டுக்குள் வெடிமருந்து கிடக்கும் நிலை. .357 மேக்னத்தின் கூடு 1.29 அங்குல நீளமுடையது. அதில் அடர்ந்த, குறைந்த அளவு மருந்து போட்டால் உள்ளே பெரும்பகுதி வெற்றிடமாகவே இருக்கும். குழலைத் தாழ்த்திப் பின் மெல்ல நிமிர்த்திச் சுட்டால் மருந்து குண்டின் பக்கம் சரிந்திருக்கும். மேல்நோக்கி உயர்த்திப் பின் தாழ்த்திச் சுட்டால், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் பக்கம் படிந்திருக்கும். இரண்டுக்கும் இடையே வேகம் கணிசமாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகத் துப்பாக்கியை உயர்த்துங்கள், அன்றைய வெப்பநிலையையும் எழுதி வையுங்கள். கூட்டை நிறைக்கும் மெதுவாக எரியும் மருந்தில் இந்த வேறுபாடு குறைவு. ஆனால் அதற்குக் குறுங்குழலில் முழுமையாக எரிய இடம் போதாது, பாதி நெருப்பு குழலுக்கு வெளியேதான் தெரியும்.

ரிவால்வர்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே மாதிரி, ஒரே குழல் நீளம் என்றாலும் சிலிண்டர் இடைவெளியும் குழலின் உட்புறமும் சற்றே வேறுபட்டால் வேகம் ஐம்பது அடிவரை விலகக்கூடும். அதனால் உங்களுடையதோடு நான்கு அங்குல ரிவால்வர் ஒன்றிலும் அதே பெட்டியைச் சுட்டுப் பாருங்கள். அதில் 1,200-ஐ ஒட்டி வந்தால் பெட்டியின் மீது பழி இல்லை.

ஐயப்பட வேண்டிய இடம் வேறு. மேக்னம் என்ற பெயருக்கு உச்ச அழுத்த வரம்பு உண்டு, சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு (பி.எஸ்.ஐ.); அதைவிட மென்மையான .38 ஸ்பெஷல் தோட்டாவின் கூடுதல் அழுத்த வகையான ப்ளஸ் பி-க்கு அது 20,000. வரம்புக்குக் கீழே எவ்வளவு மென்மையாக நிரப்பினாலும் மேக்னம் என்றே விற்கலாம். நான்கு அங்குலக் குழலிலும் 158 கிரெய்ன் குண்டு ஆயிரம் அடியைத் தாண்டவில்லை என்றால், நீங்கள் மேக்னம் விலை கொடுத்து ப்ளஸ் பி தோட்டாவுக்கு அருகிலான ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். அப்போது பெட்டியின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்), குழல் நீளம், வெப்பநிலை, பத்து அளவீடுகள் ஆகிய அனைத்தையும் இணைத்து உற்பத்தியாளருக்கு எழுதுங்கள்; அந்த லாட்டைச் சோதித்த குழல் எது என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.