கொடைக்கு லைவ் போடுகிறீர்களா? கேமராவை விடுங்கள், குடத்துக்கு ஒரு மைக் வையுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழா அடுத்த மாதம் வருகிறது. இரண்டு ராத்திரி வில்லுப்பாட்டு, கூடவே நையாண்டி மேளம். துபாய், சிங்கப்பூர், மும்பை என்று வெளியே கிடக்கிற ஊர்க்காரர்கள் பார்க்கட்டுமே என்று போன வருஷம் போனிலேயே யூடியூப் லைவ் போட்டோம். படம் சுமாராக வந்தது. பாட்டு ஒரு வரிகூடப் புரியவில்லை என்று எல்லாரும் திட்டினார்கள். ராத்திரி பத்தரைக்கு மேல் லைவே நின்றுபோனது. இந்த வருஷம் நல்ல கேமரா வாங்க, கொடைக்கு ஊரில் பிரித்த வரிப்பணத்தில் ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறோம். எந்தக் கேமரா வாங்கலாம்?
– தூத்துக்குடி மாவட்ட வாசகர்

பதில்: கேமரா வாங்காதீர்கள். போன வருஷம் எடுத்த அதே போன் போதும். உங்களைத் திட்டியவர்கள் படத்தைத் திட்டவில்லை, கவனித்தீர்களா? அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாகச் சத்தத்துக்குச் செலவழித்தால் வேலை முடிந்துவிடும்.

பாட்டு ஏன் புரியவில்லை என்பதை முதலில் பார்ப்போம். போனில் இருக்கும் மைக், பேச்சுக்காகச் செய்யப்பட்டது. சத்தம் கூடினால் தானே குறைத்துக்கொள்ளும், குறைந்தால் தானே ஏற்றிக்கொள்ளும். வில்லுப்பாட்டில் தாளம் போடும் குடத்தின் வாயில் மட்டை விழுகிற ஒவ்வொரு அடிக்கும் போன் பயந்து மொத்தச் சத்தத்தையும் அமுக்கிவிடுகிறது. அது மறுபடி ஏறி வருவதற்குள் அடுத்த அடி. நடுவில் மாட்டிக்கொண்ட புலவரின் (வில்லுப்பாட்டின் முதன்மைப் பாடகர்) குரல், கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஏறி இறங்கும். இது போதாதென்று இரைச்சலை நீக்கும் வேலையும் போனுக்குள் நடக்கிறது. வில்லில் கட்டிய மணிகளின் விடாத கிணுகிணுப்பு, ஜால்ரா, நாயனத்தின் நீண்ட சுரம் எல்லாமே அதன் கணக்கில் இரைச்சல்தான். வாட்ஸ்அப் வீடியோ காலில் கொடையைக் காட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இரண்டு மடங்கு.

ஆக, போனின் மைக்கை நம்பாமல், ஒலிபெருக்கி போடும் ரேடியோ செட்டுக்காரரிடம் போங்கள். எல்லா மைக்கின் சத்தத்தையும் சேர்க்கும் அவருடைய மிக்சரின் பின்பக்கமோ மேல்பக்கமோ ‘ரெக் அவுட்’ என்றோ ‘ஆக்ஸ்’ என்றோ ஒரு துளை இருக்கும். ஆக்ஸ் கிடைத்தால் அதையே கேளுங்கள். மைதானத்துக்குப் போகும் சத்தத்தைத் தொடாமல் உங்களுக்கு மட்டும் தனி அளவு வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து வயர் இழுத்து நேராகப் போனில் சொருகிவிடாதீர்கள். மிக்சரிலிருந்து வருவது ஒரு வோல்ட் அளவு, போனின் மைக் துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். அப்படிச் சொருகினால் கரகரவென்று உடைந்துதான் கேட்கும். நடுவில், சத்தத்தை லேப்டாப்புக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி, இரண்டு துளை உள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், கல்யாண வீடியோ எடுப்பவர்களிடம் வாடகைக்கும் கேட்கலாம். அதை லேப்டாப்பில் மாட்டி, படத்துக்குப் போனையும் வெப்கேமாக அதே லேப்டாப்பில் இணைத்து, ஓபிஎஸ் என்கிற இலவச மென்பொருள் வழியாக யூடியூபுக்கு அனுப்புங்கள். வயரை மாட்டியதும் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் கேட்டால், லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ஜெனரேட்டரில் ஓடும் மிக்சரும் வேறொரு வீட்டு கரண்டில் ஓடும் லேப்டாப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததன் உறுமல் அது. சார்ஜரைக் கழற்றியும் நிற்காவிட்டால் உறுமலைத் தடுக்கும் டிஐ பாக்ஸ் என்கிற சின்னப் பெட்டி ஒன்றை இடையில் போடச் சொல்லுங்கள், ரேடியோ செட்டுக்காரருக்குத் தெரியும்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் வேறு மாதிரி ஏமாறுவீர்கள். மிக்சரில் இருப்பது மைக் வைத்த சத்தம் மட்டுமே. பெரும்பாலான கொடைகளில் புலவருக்கு ஒரு மைக், எதிர்ப்பாட்டு பாடுபவருக்கு ஒன்று, அவ்வளவுதான். குடமும் உடுக்கையும் தம் பலத்திலேயே மைதானத்துக்குக் கேட்டுவிடும் என்பதால் யாரும் அவற்றுக்கு மைக் வைப்பதில்லை. நேரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது சரி. துபாயில் கேட்பவருக்கோ தாளமே இல்லாத வெறும் குரல் போகும், மணி எங்கோ பக்கத்து ஊரில் ஒலிப்பதுபோல இருக்கும். குலவைச் சத்தம் அறவே இருக்காது. குலவை இல்லாத கொடையை உங்கள் சித்தி கேட்டால் என்ன சொல்வார்?

அதனால் இன்டர்ஃபேஸின் இரண்டாவது துளையில் தனியாக ஒரு மைக். வில்லுக்கு முன்னால் மூன்றடி தூரத்தில், முழங்கால் உயரத்தில், குடத்தைப் பார்த்த மாதிரி ஸ்டாண்டில் வையுங்கள். வில்லே குடத்தின் மேல்தான் கிடக்கிறது என்பதால் குடத்தின் அடி, மணி, வில்லின் நாணைத் தட்டும் வீசுகோலின் தட்டு, பக்கத்து உடுக்கை எல்லாம் அந்த ஒரு மைக்கிலேயே வந்துவிடும். குலவைக்கென்று மைக்கைக் கூட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் வைக்கத் தோன்றும், வேண்டாம். சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். பத்து மீட்டர் தள்ளி வைத்தாலே குரல் இரண்டு முறை கேட்பதுபோல மங்கிவிடும். பக்கத்தில் வைத்த மைக்கிலேயே குலவை தானாக விழும். அம்மாமாரின் குரலுக்கு அவ்வளவு தெம்பு உண்டு. பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு நேர் கீழே மட்டும் எந்த மைக்கும் நிற்கக் கூடாது.

அளவு பார்க்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ’ என்று ஒருவர் சொல்ல, அதற்கு மீட்டரைச் சரிசெய்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மைக்கைத் தட்டுவதிலும் ஹலோ சொல்வதிலும் வில்லுப்பாட்டு இல்லை. குழுவினரிடம் கேட்டு, கதை உச்சத்துக்குப் போகும்போது அடிப்பார்களே, அந்த வேகத்தில் அரை நிமிஷம் அடிக்கச் சொல்லுங்கள். அந்த அடிக்கு ஓபிஎஸ் மீட்டர் மைனஸ் 10 டெசிபெலைத் தாண்டாமல் வையுங்கள். தொடக்கத்தில் காப்புப் பாட்டின்போது சத்தம் கம்மியாகத் தெரியும், தொடாதீர்கள். ராத்திரி ஒரு மணிக்கு சுடலை மாடன் கதை மயானத்துக்குள் நுழையும்போது அந்த இடைவெளி தேவைப்படும்.

நையாண்டி மேளம் வேறு கதை. அது நடந்துகொண்டே இருக்கும், நாயனமும் தவிலும் பம்பையும் மிக்சருக்குள் வராது. காலரில் மாட்டும் வயர்லெஸ் மைக் உங்களிடம் இருந்தால் அதில் இரைச்சல் நீக்கும் பொத்தானை அணைத்து, அளவைக் கடைசிக்குக் குறைத்து, மேளத்திலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி நிற்பவர் பிடித்துக்கொண்டால் போதும். தவிலுக்கு நேர் பக்கவாட்டில் நிற்க வேண்டாம்.

இனி, பத்தரைக்கு மேல் நின்றுபோனதற்கு வருவோம். இதில் நானே அடிபட்டிருக்கிறேன். ஒரு கொடைக்குப் பகல் இரண்டு மணிக்குப் போய் நெட் வேகம் பார்த்தேன், பிரமாதம். ராத்திரி வில் தொடங்கியதும் ஊர் முழுக்கப் போனைக் கையில் எடுத்தது. அத்தனை பேரும் ஒரே டவரில் ஸ்டேட்டஸ் ஏற்ற, என் லைவ் நத்தையானது. பகல் சோதனைக்கு அர்த்தமே இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கோயிலுக்குப் பக்கத்தில் ஃபைபர் இணைப்புள்ள வீடு இருந்தால் அந்த வீட்டுக்காரரிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். அங்கிருந்து லேன் வயர் நூறு மீட்டர் வரை தாராளமாக இழுக்கலாம். வைஃபையை நம்பாதீர்கள். அந்த வீட்டு ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் கரண்ட் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், கொடையன்று கரண்ட் போகாமல் இருந்தால் அதிசயம்.

படத்துக்கு 720 பி போதும், 2.5 எம்பிபிஎஸ். சத்தத்துக்கு 128 கேபிபிஎஸ். அப்லோட் வேகம் இதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் நிம்மதி. இந்தக் கணக்கில் ஒரு மணி நேர லைவுக்கு ஏறக்குறைய 1.2 ஜிபி செலவாகும். போன வருஷம் நீங்கள் போட்டது தினம் 2 ஜிபி சிம் என்றால், ஒன்பதுக்குத் தொடங்கிய லைவ் பத்தரை, பதினொன்றுக்குள் நின்றதற்கு டவரைக்கூடக் குறை சொல்ல வேண்டாம்.

யூடியூப் பக்கம் இரண்டு விஷயம். சேனலுக்கு லைவ் வசதியை முதன்முறை திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், எனவே புதுச் சேனல் தொடங்குவதாக இருந்தால் கால்நாட்டுக்கு முன்பே செய்துவிடுங்கள். போன் ஆப்பிலிருந்து நேராகப் போட ஐம்பது சந்தாதாரர் வேண்டும், லேப்டாப் வழியாகப் போனால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற லைவ்தான் தானாகச் சேமிக்கப்படும். ஆகவே இரண்டு ராத்திரிக்கும் இரண்டு தனி லைவ். முன்கூட்டியே நேரம் குறித்து இணைப்பை எடுத்துவிட்டால் அதை அழைப்பிதழிலேயே அச்சடிக்கலாம். நேரத்தை நம் ஊர்க் கணக்கில் மட்டும் போடாதீர்கள். இங்கே இரவு ஒன்பது என்றால் துபாயில் ஏழரை, சிங்கப்பூரில் பதினொன்றரை. வில் எப்போது சொன்ன நேரத்துக்குத் தொடங்கியிருக்கிறது என்பீர்கள். உண்மைதான், அதனால் லைவை அரை மணி முன்பே திறந்து பூசையைக் காட்டிக்கொண்டிருங்கள்.

அப்புறம் இடைவெளிப் பாட்டு. புலவர் காபி குடிக்க இறங்கியதும் ரேடியோ செட்டுக்காரர் பழக்க தோஷத்தில் எல்.ஆர். ஈஸ்வரியைப் போட்டுவிடுவார். கோயில் சடங்கில் பாட்டு ஒலிபரப்புவதற்கு நம் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் யூடியூபில் பாட்டைப் பிடிக்கும் இயந்திரத்துக்கு முத்தாரம்மனையும் தெரியாது, விலக்கையும் தெரியாது. இசைத்தட்டின் சத்தம் கேட்டதும் லைவை மறைத்துவிடவும் வாய்ப்பு உண்டு. இடைவெளியில் உங்கள் லைனில் மிக்சர் சத்தத்தை இறக்கிவிட்டு, ஸ்டாண்ட் மைக்கையும் பாதியாக்குங்கள். அல்லது அந்த நேரம் பதிவுப் பாட்டே வேண்டாம் என்று செட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். நையாண்டி மேளத்தில் சினிமா மெட்டு வந்தாலும் உரிமைக் கோரல் வரலாம். கலைஞர்கள் வாசிப்பதை நாம் போய்த் தடுக்க முடியாது, விடுங்கள்.

ஒலிபெருக்கிக்கு ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை தடை உண்டு. அரசு அனுமதித்தால் வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்கலாம். போலீஸ்காரர் வந்து ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னால் பலர் லைவையும் சேர்த்து அணைத்துவிடுகிறார்கள். மிக்சரையும் மைக்கையும் அணைக்க வேண்டியதில்லை. ஸ்பீக்கருக்குப் போகும் ஆம்ப்ளிஃபயர் மட்டும் அணைந்தால் போதும், உங்கள் லைனில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். சொல்லப்போனால் அதற்குப் பிறகுதான் சத்தம் சுத்தமாக இருக்கும், குழாயின் எதிரொலி இல்லையே.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இதுதான் முதல் வேலை. புலவரிடம் கேட்டீர்களா? மேடையில் பாடுவதற்கு அட்வான்ஸ் கொடுத்தோம், லைவ் நம் இஷ்டம் என்று பல கமிட்டிகள் நினைக்கின்றன. பாடுபவரின் நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும் ஒளிபரப்பவும் உரிமை அவருடையது. பதிப்புரிமைச் சட்டத்தில் 38, 38ஏ பிரிவுகள் அதைச் சொல்கின்றன, ஐம்பது வருஷத்துக்கு. சில புலவர்கள் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். சிலர் முழுக் கதையும் யூடியூபில் கிடந்தால் அடுத்த ஊர்க் கமிட்டி தங்களை ஏன் கூப்பிடும் என்று தயங்குவார்கள், அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. லைவ் முடிந்ததும் வீடியோவை மறைத்துவிடுகிறோம் என்று பேசிக்கொள்ளலாம். லைவுக்கென்று தனியாக ஒரு தொகை கொடுங்கள். மைக்கில் ‘இன்னார் அன்பளிப்பு ரூபாய் நூற்றியொன்று’ என்று வாசிக்கிறோமே, அதே வழக்கத்தை லைவிலும் கொண்டுவரலாம். திரையின் மூலையில் குழுவின் பெயரும் புலவருடைய க்யூஆர் கோடும். கமிட்டியின் கோடு அல்ல. வரி வேறு, அன்பளிப்பு வேறு.

சாமி வந்து ஆடும் நேரத்தில் கேமராவை வில்லின் பக்கம் திருப்பிவிடுங்கள். அருள் வந்து ஆடும் அக்கா நாளைக்கு யாரோ ஒருவருடைய போனில் கேலி வீடியோவாக அலைய வேண்டாம். ஆடு, கோழி வெட்டும் இடத்துக்கும் இதே பேச்சுதான், யூடியூபும் அதை விடாது.

எல்லாம் தயாரானதும் துபாயில் ஒருவரை ‘காது’ ஆக நியமியுங்கள். அவர் இயர்போன் போட்டுக் கேட்டு, ‘குடம் கம்மி’, ‘குரல் உடையுது’ என்று மெசேஜ் போட வேண்டும். லைவ் அவருக்குப் போய்ச் சேர அரை நிமிஷம் வரை ஆகும், மெசேஜ் வந்தவுடன் பதறி எதையாவது திருகாதீர்கள். ஓபிஎஸ்ஸில் ரெக்கார்டிங் பொத்தானையும் சேர்த்து அழுத்திவிடுங்கள். நெட் போனாலும் பாட்டு உங்கள் லேப்டாப்பில் இருக்கும், புலவருக்கு ஒரு பிரதி பென் டிரைவில் கொடுக்கலாம்.

விடியக்காலை எல்லாரும் தூங்கி விழும்போது லைவை நிறுத்திவிட்டு வயரைச் சுருட்டத் தொடங்குவீர்கள். கொஞ்சம் பொறுங்கள், இன்னும் வாழி பாடவில்லை. ஊர்ப் பெயரைச் சொல்லி, கொடை கொடுத்தவரை, வெளியூரில் பிழைக்கப் போன பிள்ளைகளைச் சொல்லிப் புலவர் வாழ்த்துவது அந்த ஐந்து நிமிஷத்தில்தான். துபாய்க்காரர் தூங்காமல் காத்திருப்பதும் அதற்குத்தான்.