பைண்டிங் கடைக்குக் காப்பீடு

கேள்வி: பாளையங்கோட்டையில் பைண்டிங் கடை நடத்துவதோடு, பழைய நூல்களையும் செப்பனிட்டுத் தருகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தபின் காப்பீடு எடுக்க எண்ணுகிறேன். வாடிக்கையாளர்களின் நூல்களுக்கும் அது பொருந்துமா?

பதில்: தானாகப் பொருந்தாது. சிறு தொழில்களுக்கு 2021 ஏப்ரல் முதல் வழங்கப்படும் 'பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா' பாலிசி, தீயோடு வெள்ளச் சேதத்தையும் ஏற்கிறது. ஆனால், பிறர் உங்களை நம்பி ஒப்படைத்த பொருள்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் பாலிசி அட்டவணையில் தனியே குறிப்பிடச் செய்வது அவசியம். முகவர் வாய்மொழியாகச் சொல்லும் உறுதி (அதற்குக் குறைவிருக்காது!) பின்னால் உதவாது. நூல் கைக்கு வந்ததுமே, பிரிந்த முதுகுத் தையலும் பூச்சி அரித்த ஓரமும் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து, அதன் மதிப்பை உரியவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிங் மெஷினில் ஓரம் வெட்டும்போது எழுத்தும் சேர்ந்து போய்விட்டால், அது வேலைத் தவறு. இந்த பாலிசியில் அதற்கு இழப்பீடு கோர முடியாது.