ஓதமானியும் செயற்கைக்கோளும் ஏன் ஒத்துப்போகவில்லை?

கேள்வி: சென்னைத் துறைமுக ஓதமானியின் (கரையில் கடல்மட்டத்தை அளக்கும் கருவி) பதிவைச் செயற்கைக்கோள் தரும் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டு ஆய்வேடு எழுதுகிறேன். ஓதத்தை (நிலா, சூரிய ஈர்ப்பால் வரும் ஏற்ற இறக்கத்தை) நீக்கிய பிறகும் ஓதமானி ஜூன், ஜூலையில் மேலேயும் ஜனவரியில் கீழேயும் நிற்கிறது. வித்தியாசம் கிட்டத்தட்ட 10 செ.மீ. எதில் பிழை?

பதில்: முதலில் காற்றழுத்தத்தைப் பாருங்கள். அழுத்தம் 1 மில்லிபார் கூடினால் கடல்மட்டம் சுமார் 1 செ.மீ. தாழும், குறைந்தால் அதே அளவு உயரும். சென்னையில் ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையே அழுத்தம் ஏறத்தாழ 10 மில்லிபார் இறங்குகிறது. உங்கள் 10 செ.மீ. பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஓதமானி கடலை உள்ளபடி அளக்கிறது. செயற்கைக்கோள் தரவில் இந்த விளைவை ஏற்கெனவே கழித்துத்தான் வெளியிடுகிறார்கள்.

தரவுக் கோப்பில் ‘டைனமிக் அட்மாஸ்ஃபெரிக் கரெக்‌ஷன்’ என்று, அழுத்தமும் காற்றும் கடல்மட்டத்தை மாற்றும் அளவைத் தரும் தனிப் புலம் (தரவு நிரல்) இருக்கும். அதைச் செயற்கைக்கோள் மதிப்போடு திரும்பக் கூட்டுங்கள். அல்லது அதே நேரத்துக்குரிய திருத்தத்தை ஓதமானிப் பதிவிலிருந்து கழியுங்கள். இரண்டில் ஒன்றுதான், இரண்டையும் செய்துவிடக் கூடாது. மீனம்பாக்கம் வானிலை நிலையத்தின் அழுத்தத்தை எடுத்து வழக்கமான சராசரியான 1013 மில்லிபாரைக் கழித்து நீங்களே கணக்கிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோப்பில் உள்ள திருத்தம் உலகக் கடல்பரப்பின் அப்போதைய சராசரி அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. அது மாறிக்கொண்டே இருக்கும். தவிர, சுமார் 20 நாளுக்கும் குறைவான வேகமான மாற்றங்களுக்கு அழுத்தம், காற்று இரண்டையும் கொடுத்து ஓட்டிய கணினிக் கடல் மாதிரியின் விடையைப் பயன்படுத்துகிறார்கள். புயல் நாட்களில் வெறும் அழுத்தக் கணக்கு போதாது. புயலின் மைய அழுத்தம் 980 மில்லிபாருக்கு இறங்கினால் அதனால் மட்டும் 30 செ.மீ. அளவுக்கு நீர் எழும். காற்று தள்ளிவரும் நீர் அதற்கு மேல்.

இன்னொன்று: ‘வறண்ட வளிமண்டலத் திருத்தம்’ என்ற புலத்தைத் தொடாதீர்கள். அதுவும் அழுத்தத்திலிருந்து வருவதுதான். ஆனால் ரேடார் அலை காற்றில் தாமதமாவதைச் சரிசெய்கிறது. அதன் அளவு சுமார் 2.3 மீட்டர். அது இல்லாமல் தரவே கிடையாது.

எந்தப் பக்கம் திருத்துவது? நீரோட்டத்தை ஆராய்கிறீர்கள் என்றால் ஓதமானியிலிருந்து கழியுங்கள். காசிமேட்டுக் கரையில் நீர் எவ்வளவு ஏறும் என்பது உங்கள் கேள்வியானால் செயற்கைக்கோளோடு கூட்டியே ஆக வேண்டும். குப்பத்துக்குள் வருவது திருத்தப்பட்ட நீர் அல்ல, முழு நீர். அப்புறம், அக்டோபர், நவம்பரில் இரண்டிலும் சேர்ந்தே தெரியும் ஏற்றத்தை அழுத்தத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். தெற்கு நோக்கித் திரும்பும் கரையோர நீரோட்டமும் வடக்கிலிருந்து வரும் உப்புக் குறைந்த நீருமே அதற்கு முக்கியக் காரணம்.