அமெரிக்கக் கால்பந்தில் டிராஃப்ட் வந்தால் ரசிகர்கள் ஏன் இப்படி வாதாடுகிறார்கள்? உங்கள் அணி எடுத்த வீரரைப் பற்றி உங்கள் எண்ணம் மாறியதுண்டா?

மாறியிருக்கிறது, அதுவும் ஒரே தேர்வைப் பற்றி இரண்டு முறை.

சின்சினாட்டிக்கு வெளியே 11 ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். என் அணி பென்கல்ஸ். இந்த ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். பள்ளி நாட்களில் லைன்மேனாக, அதாவது முன்வரிசையில் நின்று ஆடியவர். முதல் நாளே அவர் சொன்னது: "பந்தைப் பார்க்காதே. முதல் இரண்டு நொடி முன்வரிசை ஐந்து பேரின் கால்களைப் பார். பந்து எங்கே போகும் என்று அந்தக் கால்களே சொல்லிவிடும்." எனக்கு ஒரு முழு சீசன் பிடித்தது. பழகிய பிறகு வேறு மாதிரி பார்க்க முடியவில்லை.

டிராஃப்ட் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐபிஎல் ஏலத்தில் யார் அதிக விலை கேட்கிறாரோ அவருக்கு வீரர். இங்கே ஏலமே கிடையாது, வரிசை மட்டும்தான். போன சீசனில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. 32 அணிகள், 7 சுற்றுகள். கல்லூரியிலிருந்து வரும் பையன் எந்த ஊருக்குப் போவான் என்பதை அந்த வரிசைதான் தீர்மானிக்கிறது. இப்படி வரிசைப்படி எடுப்பது 1936 முதல் நடக்கிறது. ஒரு தேர்வு பத்து வருடத்துக்கு ஒரு ஊரின் ஞாயிற்றுக்கிழமைகளை மாற்றிவிடும் என்பதால்தான் ஜனவரியிலேயே வாதம் தொடங்கிவிடுகிறது.

எங்கள் வாதம் 2021-ல் நடந்தது. முந்தைய சீசனில் பென்கல்ஸ் 4 வெற்றி, 11 தோல்வி, 1 சமன். அதனால் 5-வது தேர்வு கிடைத்தது. 2020 டிராஃப்டில்தான் முதல் தேர்வில் ஜோ பரோவை எடுத்திருந்தோம். ஒஹாயோ மாநிலத்தில் வளர்ந்த பையன், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக். அந்த நவம்பரில் வாஷிங்டனில் நடந்த ஆட்டத்தில் இரண்டு பேர் மேலும் கீழுமாக அவர் மீது விழுந்தார்கள், இடது முழங்கால் தசைநார் கிழிந்தது. முதல் 10 ஆட்டங்களிலேயே அவரை எதிரணி 32 முறை பந்தோடு கீழே தள்ளியிருந்தது. இதைத்தான் சாக் என்பார்கள்.

அதனால் ஊரே இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் பெனே சூவல்: ஆரிகன் பல்கலைக்கழகத்தின் இடது டேக்கிள், முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் காவலர். வலக்கைக் குவார்ட்டர்பேக் பந்தெறியத் திரும்பினால் இடப்பக்கம் அவர் கண்ணில் படாது. அந்தப் பக்கத்தைக் காப்பதுதான் இடது டேக்கிளின் வேலை. மறுபக்கம் ஜமார் சேஸ்: ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கும் ரிசீவர், கல்லூரியில் பரோவுடனேயே ஆடி சாம்பியன் பட்டம் வென்றவர். இரண்டு பேருமே 2020 சீசனில் ஆடாமல் ஒதுங்கியிருந்தவர்கள் என்பதால் புதிதாகப் பார்த்து முடிவு செய்ய ஒன்றுமில்லை. எல்லோரும் 2019 ஆட்டங்களையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தோம்.

நான் சூவல் கட்சி. முழங்கால் கிழிந்து கிடப்பவனுக்கு முதலில் காவல் வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பெரியவர் என்னைவிடத் தீவிரமான சூவல் கட்சி. அலுவலகத்தில் சேஸ் கட்சிக்காரர்கள் சொன்னார்கள்: இடது டேக்கிள் இடத்தில் ஏற்கெனவே முதல் சுற்றில் எடுத்த ஜோனா வில்லியம்ஸ் இருக்கிறார், வலது டேக்கிளுக்கு மார்ச் மாதமே அனுபவமுள்ள ரைலி ரைஃபைச் சேர்த்தாயிற்று, சூவலை எங்கே நிறுத்துவாய்? வலப்பக்கம் நிறுத்தலாமே என்றேன். அப்படிச் சொல்லும்போது அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது.

இதைப் பெரியவர்தான் தன் கராஜில் எனக்குக் காட்டினார். இடது டேக்கிள் மாதிரி நில் என்றார். இடக்கால் பின்னே, எடை உள்பாதத்தில், இடக்கால் முதலில் பின்னோக்கி வழுக்கிப் போக வேண்டும், வலக்கால் தொடர வேண்டும். இரு கால்களும் தரையை விட்டு உயரக்கூடாது. பத்து முறை செய்தபின் கொஞ்சம் வந்தது. உடனே வலப்பக்கம் மாறி நிற்கச் சொன்னார். வலக்கால் பின்னே. முதல் அடியிலேயே இடுப்பு தவறான பக்கம் திரும்பியது, கால் பின்னிக்கொண்டது. சென்னையில் பல வருடம் மாருதி ஓட்டிவிட்டு இங்கே முதன்முதலில் கார் எடுத்தபோது, இண்டிகேட்டர் போட நினைத்த ஒவ்வொரு முறையும் என் கை வைப்பரைத்தான் தட்டியது. கண்ணாடி காய்ந்துகிடக்க வைப்பர் ஆடியதுதான் நினைவுக்கு வந்தது. என் முன்னால் யாரும் பாய்ந்து வரவில்லை. அவர்களுக்கோ 120 கிலோ எடையுள்ள ஒருவன் கண்ணிமைக்கும் நேரத்தில் மேலே விழுவான்.

ஏப்ரல் 29 இரவு பென்கல்ஸ் சேஸை எடுத்தது. சூவல் 7-வதாக டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போனார். பெரியவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் சேஸ் பந்தைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார். கல்லூரிப் பந்தில் வெள்ளைக் கோடு இருக்கும், இங்கே இல்லை, பார்ப்பது கடினமாக இருக்கிறது என்று காரணம் சொன்னார். சூவல் கட்சிக்கு அது போதுமானதாக இருந்தது. அப்புறம் சீசன் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே பந்தைப் பிடித்து 1,455 யார்டு (ஒரு யார்டு மூன்று அடி) முன்னேற்றம், 13 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது). 2022 ஜனவரி 2 அன்று கான்சஸ் சிட்டி சீஃப்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 266 யார்டு. அன்றைக்கு நான் கட்சி மாறினேன். 1991 ஜனவரிக்குப் பிறகு பிளேஆஃப் எனும் நாக்அவுட் கட்டத்தில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அணி அந்தக் குளிர்காலத்தில் மூன்று ஆட்டங்களை ஜெயித்து இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குப் போனது. அதே டிராஃப்டின் 5-வது சுற்றில், 149-வதாக எடுத்த கிக்கர் எவன் மெக்ஃபர்சன் பிளேஆஃப் முழுக்க 14 உதைகளில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. உதைப்பவனுக்கு ஒரு தேர்வை வீணாக்கினார்கள் என்று ஏப்ரலில் பேசியவர்கள் எல்லோரும் பிப்ரவரியில் அவர் பெயர் போட்ட சட்டையில் திரிந்தார்கள்.

ஆனால் பரோ அடி வாங்குவது நிற்கவில்லை. வழக்கமான சீசனில் 51 சாக், பிளேஆஃபில் இன்னும் 19. டென்னசி டைட்டன்ஸுக்கு எதிராக மட்டும் 9 முறை விழுந்தார், அப்படியும் 19-16 என்று ஜெயித்தோம். டிசம்பரிலேயே ரைஃப் காயம்பட்டு வெளியேறியிருந்ததால் வலது டேக்கிள் இடத்தில் மாற்று ஆள் ஆடினார். சூவல் கட்சி தலைதூக்கியது, அதில் நியாயமும் இருந்தது.

இனி 2022 பிப்ரவரி 13. சூப்பர் பவுலில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் 23, நாங்கள் 20. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம், மைதானத்தின் நடுவில் பந்து, நான்காவது, அதாவது கடைசி முயற்சி, பந்தைத் தக்கவைக்க ஒரு யார்டுதான் தேவை. பரோ பின்வாங்கினார். ராம்ஸின் ஆரன் டொனால்ட் முன்வரிசையின் உள்பக்கத்தில், டேக்கிளுக்கு அடுத்து கார்டு நிற்கும் இடத்தைப் பிளந்துகொண்டு வந்து பரோவின் இடுப்பைப் பிடித்துச் சுழற்றினார். விழுந்துகொண்டே பரோ எறிந்த பந்து யார் கைக்கும் போகவில்லை. ஆட்டம் முடிந்தது. மேலேயிருந்து எடுத்த படத்தை மறுநாள்தான் பார்த்தேன். சேஸைத் தடுக்க ஓரத்தில் நின்ற ராம்ஸின் ஜேலன் ராம்ஸி தடுமாறிப் பின்தங்க, சேஸ் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருக்கிறார். எதிரே காலி மைதானம். இன்னும் ஒரே ஒரு நொடி கிடைத்திருந்தால் பந்து அங்கே போயிருக்கும்.

அந்தப் படத்தை சூவல் கட்சி தன் ஆதாரமாகக் காட்டுகிறது, சேஸ் கட்சியும் தன் ஆதாரமாகக் காட்டுகிறது. நான் பல முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். என் எண்ணம் இரண்டாம் முறை மாறியது அப்போதுதான். உடைந்தது ஓரம் இல்லை, நடு. டேக்கிளாகிய சூவல் அணியில் இருந்திருந்தாலும் அந்த ஓட்டையை அவரால் அடைத்திருக்க முடியாது. கார்டு வேண்டும், வரிசையின் நட்டநடுவில் நிற்கும் சென்டர் வேண்டும். அந்த இடங்களுக்கு முதல் சுற்றில் யாரும் கைதட்டுவதில்லை. 2021 டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் பென்கல்ஸ் தன் இடத்தை வேறொரு அணியோடு மாற்றிக்கொண்டு 38-ல் இருந்து 46-க்கு இறங்கி ஜாக்சன் கார்மனை எடுத்தது. கிளெம்சனில் இடது டேக்கிளாக ஆடியவரைக் கார்டாக மாற்றப் பார்த்தார்கள். பல வருடப் பழக்கத்தை ஒரு கோடையில் மாற்றச் சொன்னார்கள், அவருக்கு அந்த இடம் நிலைக்கவில்லை. அதே இரண்டாம் சுற்றில் 63-வதாக சீஃப்ஸ் எடுத்த சென்டர் கிரீட் ஹம்ஃப்ரி முதல் ஆட்டத்திலிருந்தே தன் இடத்தைப் பிடித்துக்கொண்டார். சேஸா சூவலா என்று இன்றும் கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: 5-வது தேர்வு சரியானது, கோட்டை விட்டது 46-வது தேர்வில்.

சூவலுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. டெட்ராய்ட்டில் அவரை வலப்பக்கம்தான் மாற்றினார்கள். முதலில் திணறினார், பிறகு 2023, 2024 இரண்டு ஆண்டும் லீகின் ஒவ்வொரு இடத்துக்கும் மிகச் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-ப்ரோ பட்டியலில் வலது டேக்கிளாக இடம்பிடித்தார். அந்தக் கராஜ் பாடத்துக்குப் பிறகு அது எனக்கு எவ்வளவு பெரிய சாதனையாகத் தெரிகிறது என்பதை அளந்து சொல்ல முடியாது.

நடுவர்களைப் பற்றியும் சொல்லாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது, ஏனென்றால் சின்சினாட்டியில் அந்த சூப்பர் பவுலைப் பற்றிப் பேசினால் முதலில் வருவது அந்தக் கொடிதான், விதிமீறல் என்று காட்ட நடுவர் வீசும் மஞ்சள் கொடி. இரண்டு நிமிடத்துக்கும் குறைவு, ராம்ஸுக்கு மூன்றாவது முயற்சி. அவர்களின் ரிசீவர் கூப்பர் கப்புக்கு எறிந்த பந்தை எங்கள் லோகன் வில்சன் தட்டிவிட்டார். மஞ்சள் கொடி விழுந்தது: ஹோல்டிங், அதாவது எதிராளியைக் கையால் பிடித்துத் தடுத்த குற்றம். ராம்ஸுக்குப் புதிதாக நான்கு முயற்சிகள் கிடைத்தன, சற்று நேரத்தில் டச்டவுன். ஆட்டம் முழுக்க அதைவிடப் பெரிய பிடிகளையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அங்கே கொடி போட்டது தவறு என்றே இன்றும் நம்புகிறேன்.

ஆனால் அதே ஆட்டத்தின் இரண்டாம் பாதி முதல் பந்தில் எங்கள் டீ ஹிக்கின்ஸ் 75 யார்டு டச்டவுன் அடித்தாரே, அப்போது அவர் கை ராம்ஸியின் ஹெல்மெட் கம்பியைப் பிடித்து இழுத்தது. கொடி விழவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு ரெய்டர்ஸுக்கு எதிராக, பரோ மைதானத்தின் பக்கக்கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டார் என்று நினைத்து ஒரு நடுவர் விசில் ஊதினார். பந்து காற்றில் இருக்கும்போதே விசில் கேட்டது, டைலர் பாய்ட் பிடித்தார், டச்டவுன் கொடுத்துவிட்டார்கள். விதிப்படி விசில் ஊதினால் ஆட்டம் நின்றுவிட வேண்டும். அந்த ஆட்டத்தை 7 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம், 31 வருடக் காத்திருப்பு அன்றுதான் முடிந்தது. நானும் தெருவில் இறங்கிக் கத்தினேன். வில்சன் மேல் விழுந்த கொடியைப் பற்றிப் பேசுகிற பென்கல்ஸ் ரசிகர் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

நடுவர்களை வசைபாடுவது எனக்குப் பிடிக்காது. ஏழு பேர், அவர்களில் பெரும்பாலோருக்கு வாரநாட்களில் வேறு வேலை உண்டு. நாங்கள் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதை அவர்கள் ஓடிக்கொண்டே ஒரு முறை பார்க்கிறார்கள். 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்கு நடந்தது மாதிரி, பந்து வந்து சேரும் முன்பே ரிசீவரை இடித்துத் தள்ளியதை உலகமே பார்த்தும் கொடி விழாதது உண்டு. அதற்காகவே அந்த ஆண்டு மறுபார்வை விதி கொண்டுவந்தார்கள், ஒரே சீசனில் கைவிட்டார்கள். வீடியோவை வைத்துக்கொண்டும் எது குற்றம் என்பதில் ஒத்துப்போக முடியவில்லை.

சேஸ் 2024-ல் 127 பிடிகள், 1,708 யார்டு, 17 டச்டவுன் என்று மூன்றிலும் லீகில் முதலிடம். அந்த ஆண்டு பென்கல்ஸ் பிளேஆஃபுக்கே போகவில்லை. டிராஃப்டின் முதல் சுற்று வியாழன் இரவு, ஊரெல்லாம் விழா. பெரியவரும் நானும் சேர்ந்து உட்காருவது வெள்ளிக்கிழமை, இரண்டாம் மூன்றாம் சுற்றுக்கு. கார்டுகள், சென்டர்கள் பெயர்களைப் பென்சிலால் எழுதிய நோட்டோடு வருவார். எங்கள் அணியின் முறை வரும்போது இருவரும் பேசமாட்டோம்.