மூன்றாம் முறையும் எழுதட்டுமா? முள்ளியவளை அம்மாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

போன கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். உயர்தரப் பரீட்சையில் இரண்டாம் முறையும் மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறிப்போனது. "மூன்றாம் முறையும் எழுதச் சொல்லுங்கோ சேர்" என்பதற்காகத்தான் வந்தீர்கள். அவளோ, "நான் கலமென்சவ்வைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போறன்" என்றாள். நீங்கள் பேசாமல் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள். அன்று சொல்லி முடியாததை எழுதுகிறேன்.

அந்தக் கைப்பையில் கிளினிக் கொப்பியோடு அம்லோடிபின் குளிசையும் இருந்தது. அதிலிருந்தே தொடங்குவோம். உடம்பின் ஒவ்வொரு கலத்தையும் சுற்றி ஒரு மென்சவ்வு இருக்கிறது. தடிப்பு சுமார் 5 நானோமீற்றர். குளக்கட்டில் துருசு இருப்பதுபோல அதில் வாசல்கள் உண்டு. உங்கள் குளிசை இரத்தக்குழாய்த் தசைகளில் கல்சியம் நுழையும் வாசலை அடைக்கிறது. தசை தளர, குழாய் விரிய, பிரஷர் இறங்குகிறது. வயிற்றெரிவுக்குப் போடும் ஒமிப்பிரசோல் நிறுத்துவதும் இரைப்பைக் கலத்தின் மென்சவ்வில் அமிலத்தை இறைக்கிற ஒரு பம்பியைத்தான். பல் பிடுங்கமுன் போடும் விறைப்பூசி சோடியத்தின் வாசலை அடைக்கிறது. வயலில் நாகம் கொத்தியவருக்கு மூச்சு நிற்கப் பார்ப்பதும் இதே இடத்தில் நடக்கும் கதைதான்: நரம்பின் செய்தியை வாங்கும் தசைக் கலத்துப் புரதத்தில் நஞ்சு போய் ஒட்டிக்கொள்கிறது. இந்த வாசல்கள் எப்படித் திறக்கின்றன, எது போகலாம் எது போகக்கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்கின்றன என்பதைப் பௌதிகவியலை வைத்துத் தேடுவதுதான் மகள் சொன்ன வேலை. இதை மென்சவ்வு உயிர்ப்பௌதிகவியல் என்பார்கள்.

ஒரே ஒரு உதாரணம். சோடியம் அயன் (மின்னேற்றம் கொண்ட அணு) சிறியது, பொற்றாசியம் அயன் பெரியது. ஆனால் பொற்றாசியத்தின் வாசல் பெரியதை விடுகிறது, சிறியதை மறிக்கிறது. 10,000 பொற்றாசியம் போனால் ஒரு சோடியம் தவறிப் போகலாம், அவ்வளவுதான். 1998இல் ரொட்ரிக் மக்கினன் அந்த வாசலைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் பார்த்தார். உள்ளே ஒட்சிசன் அணுக்கள் வரிசையாக நின்றன. அயனைச் சுற்றியிருக்கும் தண்ணீருக்குப் பதிலாக அவை பொற்றாசியத்தை அளவாகத் தாங்கிக்கொள்கின்றன. சோடியம் சிறியது என்பதால் அந்தப் பிடிக்குள் சரியாகப் பொருந்துவதில்லை; தண்ணீரை விட்டு உள்ளே வர அதற்கு இலாபமில்லை. 2003இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. கூடவே, தண்ணீருக்கென்று தனி வாசல் இருப்பதைக் கண்டுபிடித்த பீற்றர் அக்ரேக்கும். இருவரும் மருத்துவம் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர்கள். "அப்ப இவளும் முதல்ல டொக்டர் ஆகட்டும்" என்று நீங்கள் சொல்வது இங்கே கேட்கிறது!

சரி, மூன்றாம் முறை. வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். மனமில்லாமல் எழுதும் மூன்றாம் முறை பெறுபேற்றை உயர்த்தி நான் அதிகம் பார்த்ததில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு தகப்பனின் கண்ணீரைப் பார்த்து ஒரு பையனை அப்படி எழுதச் சொன்னேன். புள்ளி இறங்கியது, அதன்பின் அவன் என்னிடம் வரவே இல்லை.

மகளிடம் நான் கவனித்தது வேறு. றியோ இலையின் ஊதாத் தோலை உரித்து சுக்குரோசுக் கரைசலில் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்கும் செய்முறை உயர்தரத்தில் இருக்கிறது. அதைப் பற்றி, "சில கலம் உடன சுருங்குது, பக்கத்தில இருக்கிறது சுருங்காம நிக்குது. ஏன் சேர்?" என்று கேட்டாள். பரீட்சைக்குப் பாதிக் கலம் சுருங்கும் செறிவைக் கண்டுபிடித்து எழுதினால் போதும். இந்த "ஏன்"னுக்குப் புள்ளி கிடையாது. ஆனால் ஆராய்ச்சி தொடங்குவது அங்கேதான்.

இனி வழி. இலங்கையில் இந்தப் பெயரில் தனிப்பட்டம் தேடி அலைய வேண்டாம். அவள் உயிரியல் பிரிவு. இணைந்த கணிதம் இல்லாததால் பௌதிக விஞ்ஞானத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் உயிரியல் விஞ்ஞானம், கொழும்பில் "உயிரிரசாயனவியலும் மூலக்கூற்று உயிரியலும்" என்ற பட்டம், இரண்டையும் விருப்பப் பட்டியலில் மேலே போடுங்கள். முல்லைத்தீவு கல்வியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால், மாவட்ட ஒதுக்கீட்டோடு, அந்தப் பட்டியல் மாவட்டங்களுக்கென ஒதுக்கும் 5 வீத இடங்களிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. எதில் சேர்ந்தாலும் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தை விடக்கூடாது. இரசாயனவியலையும் விடக்கூடாது.

கணிதம்தான் அவளுடைய ஓட்டை. வகையீடு, தொகையீடு, நிகழ்தகவு மூன்றையும் பல்கலைக்கழக அனுமதி வரும்வரை இருக்கும் மாதங்களில் படிக்கத் தொடங்கட்டும். கூடவே பைதன் என்ற கணினி மொழி. இந்தத் துறையில் இன்று கணிசமான வேலை கணினியில் நடக்கிறது. மென்சவ்வின் ஒவ்வொரு அணுவும் எப்படி அசையும் என்று கணக்குப் போட குரோமக்ஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மக்கினன் கண்ட அந்த வாசலின் வடிவத்தைப் புரதங்களின் வடிவங்களைச் சேமித்து வைக்கும் புரதத் தரவு வங்கி என்ற இணையத்தளத்திலிருந்து காசில்லாமல் இறக்கலாம். ஒரு பழைய மடிக்கணினி இருந்தால் முள்ளியவளையில் இருந்தே அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

பட்டத்துக்குப் பிறகு கலாநிதிப் படிப்பு, பெரும்பாலும் வெளிநாட்டில். காணி விற்க வேண்டுமோ என்று கேட்டீர்கள். வேண்டாம். அமெரிக்காவில் விஞ்ஞானக் கலாநிதிப் படிப்புக்குப் பொதுவாகக் கட்டணமும் இல்லை, மாதச் செலவுக்குப் பணமும் தருவார்கள். ஜேர்மனியில் பெரும்பாலும் சம்பள ஒப்பந்தம். இதற்கு இலட்சக் கணக்கில் கேட்கும் முகவர் யாராவது வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். நாலு வருடம், அப்புறம் ஐந்தாறு வருடம், அதன்பின் ஓரிரண்டு தற்காலிக ஆய்வு வேலைகள். நிரந்தர வேலை கிடைக்க முப்பது தாண்டலாம். கிளிநொச்சியில் இதற்கென ஒரு ஆய்வுகூடம் காத்திருக்கவில்லை. திரும்பி வந்தால் விரிவுரையாளராகலாம். பம்பைமடுவில் இருந்த வளாகம் 2021இலிருந்து வவுனியாப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. வராவிட்டால் மருந்துக் கம்பனிகளின் ஆய்வுப் பிரிவுகள். நடுவில் பட்டத்தோடு நிறுத்தினாலும் விஞ்ஞான ஆசிரியையாகலாம். வாசலில் நின்று நீங்கள் கேட்ட கலியாணக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதை அவளோடுதான் பேச வேண்டும், நான் நடுவில் வரமாட்டேன்.

விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாருங்கள், விருப்ப வரிசையைச் சேர்ந்தே நிரப்புவோம். பெறுபேற்றுத் தாளோடு அந்தச் செய்முறைக் கொப்பியையும் எடுத்துவரச் சொல்லுங்கள். றியோ இலைப் படத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தாள், அன்று வாசிக்க நேரம் கிடைக்கவில்லை.