புகை விடும் பழைய காருக்கு மூன்றரை இலட்சம் செலவழிக்கலாமா?

கேள்வி: அப்பா காலத்து 1998 கொரோலா 110 எங்களிடம் இருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை. 1000 கிலோமீட்டருக்கு ஒரு லீற்றர் ஒயில் குடிக்கிறது. எஞ்சினை இறக்கி முழுதாகச் செய்ய கராஜ்காரர் மூன்றரை இலட்சம் ரூபா கேட்கிறார். மச்சானோ விற்றுவிடு என்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: மச்சானின் பேச்சையும் கராஜ்காரரின் பேச்சையும் ஒரு நாளைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு காருக்குக் கீழே குனியுங்கள். கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்பு, பின் சக்கரத்தின் உள்வளைவு, முன் சஸ்பென்ஷன் பூட்டியிருக்கும் இடம், இவற்றைப் பிடியால் தட்டிப் பாருங்கள். டங் என்று கேட்டால் நல்லது. சத்தம் மந்தமாக வந்து, பெயின்ட் கொப்புளித்திருக்கும் இடத்தில் நுனியை வைத்து அழுத்த அது உள்ளே போய் கறள் பொலபொலவென்று உதிர்ந்தால், மச்சான் சொன்னதுதான் சரி, எஞ்சினுக்கு ஒரு சதமும் செலவழிக்காதீர்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று உப்புக் காற்றிலேயே நிற்கும் ஊர் உங்களுடையது. எஞ்சினைக் கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கலாம், கறள் தின்ற பாடிக்கு எங்கே போவது?

பாடி உறுதி என்றால் அப்புறம் எஞ்சினைப் பார்ப்போம். கொம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பார்க்காமலே விலை சொல்லியிருந்தால் அந்த விலையை நம்பாதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் மீற்றரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஒரு சின்னக் கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். மீற்றர் ஏறினால் தேய்ந்தது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு குபுக் புகை விட்டுப் பிறகு தெளிந்துவிடும் கார்களுக்குப் பெரும்பாலும் வால்வு சீல்தான் போயிருக்கும், அதை எஞ்சினை இறக்காமலே மாற்றலாம். மிதிக்கும்போது புகை என்று நீங்கள் எழுதியிருப்பதால் எனக்கு ரிங் மேல்தான் சந்தேகம். ஆனாலும் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இழுத்துவிடும் பிசிவி வால்வு அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், கையளவு சாமான், அது அடைபட்டாலும் எஞ்சின் ஒயில் குடிக்கும்.

யூடியூப்பில் வெளிநாட்டுக்காரர்கள் திருத்தச் செலவு காரின் விலையில் பாதியைத் தாண்டினால் கைவிடச் சொல்வார்கள். அந்தக் கணக்கு இங்கே உதவாது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள், அதுவும் பெரிய வரியோடு, அதனால் 110 இன்றைக்கும் பல இலட்சம் பெறும். இப்படியே புகையோடு விற்கப் போனால் வாங்க வருபவர் மூன்றரைக்கு மேலேயே குறைத்துக் கேட்பார். கிடைக்கிற காசுக்கு நீங்கள் வாங்கப்போவதும் இன்னொரு பழைய கார்தான், அதன் வயிற்றில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? புகைப் பரிசோதனையில் தேறாவிட்டால் வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்காது, ஆகவே தள்ளிப்போடவும் முடியாது.

செய்வதென்றால் அரைகுறையாகச் செய்யாதீர்கள். முன்பு என் காருக்கு எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்குக் கீழே இருக்கும் கஸ்கெட் போனபோது ஒரு கராஜில் ஹெட்டை லேத்துக்கு அனுப்பி மட்டம் பார்க்காமல் புதுக் கஸ்கெட்டை வைத்து மூடிவிட்டார்கள், இரண்டாம் மாதம் செங்கலடியிலிருந்து பதுளை போகும் வழியில் மகா ஓயாவுக்கு அப்பால் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. செலவு இரண்டு தரம். உங்கள் எஞ்சினின் ஹெட் அலுமினியம், சூடேறினால் வளையும். போர், அதாவது சிலிண்டரின் உட்சுவர், தேய்ந்திருந்தால் வெறும் ரிங் மாற்றுவதும் வீண், அதைக் கடைந்து போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடத்தான் வேண்டும். டைமிங் பெல்ட்டையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள்.

ரீகண்டிஷன் எஞ்சின் போடலாமே என்றும் யாராவது சொல்வார்கள். போடலாம், ஆனால் பில் இல்லாத எஞ்சினைத் தொடாதீர்கள். எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் காரின் பதிவுப் புத்தகத்தைத் திருத்த வேண்டும், விற்கும் நாளில்தான் அதன் அருமை தெரியும்.

கேள்வி: தடித்த ஒயில் ஊற்றினால் புகை நிற்கும் என்கிறார்களே?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: குறையும், கொஞ்ச நாளைக்கு. காரை விற்க வருபவர்களுக்கும் இது தெரியும். நீங்கள் வாங்கப் போனால், எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஒயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், தேன் மாதிரி வழிந்தால் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.