மலையேற்றம், மனிதநேயப் பணி இரண்டிலும் உங்களைக் கவர்ந்த இளம் மலையேறி யார்?

எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருபவர் நேபாளத்தின் பாசாங் லாமு ஷெர்பா அகிதா. 1993-ல் எவரெஸ்ட் ஏறிய முதல் நேபாளப் பெண்ணாகி, இறங்கும் வழியில் உயிரிழந்தவரின் பெயரும் பாசாங் லாமு ஷெர்பாதான். இவர் வேறு, அடுத்த தலைமுறை.

எவரெஸ்ட் பகுதியிலுள்ள லுக்லா என்ற ஊரில் வளர்ந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தங்கையை வளர்க்கும் பொறுப்பையும் ஏற்றார். மலை வேலை என்றாலே ஆண்கள் வேலை என்றிருந்த இடத்தில், நேபாளத்தின் முதல் பெண் மலையேற்றப் பயிற்சியாளர் ஆனார். 2007-ல் எவரெஸ்ட் ஏறியபோது வயது இருபத்திரண்டுதான்.

ஆனால் என்னை அசத்தியது உலகின் இரண்டாவது உயரமான மலையான கே2. 2014 ஜூலையில் மாயா ஷெர்பா, தாவா யாங்ஜும் ஷெர்பா இருவருடன் அந்த 8,611 மீட்டர் உச்சியைத் தொட்டார். கே2 ஏறிய முதல் ஐந்து பெண்களில் மூவர் இறங்கும்போதே இறந்துபோனார்கள். மற்ற இருவரையும் பின்னாளில் வேறு மலைகள் பலி வாங்கின. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ‘பாட்டில்நெக்’ என்று ஒரு குறுகலான செங்குத்துச் சரிவு இருக்கிறது. தலைக்கு மேலே பல மாடி உயரத்துக்குப் பனிப்பாறை தொங்கும். எப்போது உடைந்து விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. சீக்கிரம் கடந்து போவதுதான் அங்கே இருக்கும் ஒரே பாதுகாப்பு. பாசாங்கும் அவருடன் போன இருவரும் பத்திரமாகத் திரும்பினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில்தான் எவரெஸ்ட் பனிச்சரிவு 16 நேபாள மலைத் தொழிலாளர்களைக் கொன்றிருந்தது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் கயிற்றைப் பிடிக்க எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

அப்புறம் 2015 ஏப்ரல் 25. நேபாளத்தை உலுக்கிய 7.8 அளவு நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். பாசாங் உடனே நிவாரணப் பணியில் இறங்கி, எளிதில் போய்ச்சேர முடியாத மலைக் கிராமங்களுக்கு உதவிகளைக் கொண்டுபோனார். நிவாரண வேலையில் கொஞ்சமாவது கைகொடுத்தவர்களுக்குத் தெரியும்: பொருள் சேர்ப்பது சுலபம், கடைசி ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. அங்கே சாலை முடிகிற இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதை. அதிலும் பல இடங்களில் மண் சரிந்து கிடந்தது. ஜூனில் பருவமழை தொடங்குவதற்குள் இடிந்த வீடுகளின் மேல் தார்ப்பாயாவது போட்டாக வேண்டும். எந்தச் சரிவில் காலை வைக்கலாம், ஒரு சுமைக்காரர் எவ்வளவு தூக்குவார், வானம் எப்போது மாறும் என்பதெல்லாம் மலையிலேயே வாழ்ந்தவர்களுக்குத்தான் அத்துப்படி. அதனால்தான் அவருடைய மலையேற்றத்தையும் சேவையையும் என்னால் தனித்தனியாகப் பார்க்க முடியவில்லை. இரண்டுக்கும் அதே கால்கள், அதே அனுபவம்.

2016-ல் நேஷனல் ஜியாகிரபிக் நடத்திய வாக்கெடுப்பில், அந்த ஆண்டின் சாகசக்காரராக மக்கள் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கே2-வுக்காக மட்டும் கிடைத்திருந்தாலும் தகுதியான விருதுதான். ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் முன்னால் அந்த நிவாரணப் பணியும் இருந்தது என்பதில் எனக்குக் கூடுதல் சந்தோஷம்.